கடன், செக், கம்பனி: புதுக்கடைச் சட்டத்தரணியின் கேள்வி பதில்

புறக்கோட்டை: துணி மொத்த வியாபாரம். ஒரு கடைக்காரர் எடுத்த சரக்குக்குப் பதினாலு மாதமாகக் காசு தரவில்லை. பில் இருக்கிறது. வழக்குப் போடலாமா, சேர்?

பதில்: நானா, பில்லுக்கு முன் திகதியைப் பார்க்க வேண்டும். விற்ற சரக்கின் காசுக்கு, வழக்குப் போடும் காலக்கெடுவைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் பிரிஸ்கிரிப்ஷன் கட்டளைச் சட்டம் ஒரு வருடம்தான் தருகிறது. அது போய்விட்டது. ஆனாலும் கைவிடாதீர்கள். இடையில் ஐயாயிரமாவது கட்டினாரா? 'இவ்வளவு தர இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாரா? அப்படியானால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாக ஓடும். செக் தந்திருந்தால் இன்னும் நல்லது. செக்கின் மேல் வழக்குப் போட ஆறு வருடம் உண்டு. சுருக்க நடைமுறையில் போட்டால், எதிராளி நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதமே செய்யலாம்.

கொட்டாஞ்சேனை: பில்லும் எழுத்துத்தானே? எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் என்று எங்கள் கணக்காளர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: பில் நீங்கள் எழுதியது. காசு தருகிறேன் என்று அவர் எழுதியது எங்கே?

கொட்டாஞ்சேனை: நான்தான் அந்தக் கணக்காளர். பில்லில் அவருடைய கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறதே?

பதில்: அது சரக்குக் கிடைத்ததற்கு அத்தாட்சி. வழக்கில் கட்டாயம் வேண்டும். ஆனால் காசு தருவதாகச் சொன்ன வாக்கு அல்ல. 'முப்பது நாளில் செலுத்துவேன்' என்று அச்சிட்டு, அதன் கீழ் கையெழுத்து வாங்கியிருந்தால் உங்கள் கட்சிக்கு வலு உண்டு. நானே எழுந்து வாதாடுவேன். அதற்காக ஒரு வியாபாரியின் முதலை அந்த வாதத்தின் மேல் வைக்கச் சொல்லமாட்டேன். ஒரு வருடத்துக்குள் போடுங்கள்.

வெள்ளவத்தை: தம்பியின் கடனுக்கு அம்மா வீட்டை ஈடு வைத்தார். வங்கி வழக்குப் போடாமல் தானே விற்கும் பராட்டே முறையில் ஏலம் விடப் போகிறதாம்.

பதில்: இன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், தங்கச்சி. கடன் வாங்காத மூன்றாமவர் ஈடு வைத்த ஆதனத்தை வங்கி பராட்டே முறையில் விற்க முடியாது என்று ராமச்சந்திரன் எதிர் ஹற்றன் நஷனல் வங்கி வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கி வழக்குப் போட்டு விற்பதை அது தடுக்காது. அதற்கும் தயாராக இருங்கள்.

வத்தளை: கம்பனி கடனில் மூழ்கிவிட்டது. பூட்டிவிட்டுப் போகலாமா?

பதில்: கூடாது. கடன் கட்ட முடியாது என்று தெரிந்த பணிப்பாளர் உடனே பணிப்பாளர் சபையைக் கூட்ட வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம். கலைப்புக்கு நீதிமன்றம் போவதா, தொழிலைத் தொடர்வதா என்று அங்கே முடிவெடுங்கள். சும்மா இருந்தால் பொறுப்பு உங்கள் சொந்தத் தலையில் விழலாம்.

தெஹிவளை: பக்கத்து வீட்டு மதில் எங்கள் காணிக்குள் வந்துவிட்டது.

பதில்: காணி வழக்குப் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

மருதானை: கோழித்தீன் கொடுத்து இருபது மாதம். பில் இருக்கிறது.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஒரு வருடம்!

மருதானை: பதினோராம் மாதத்திலேயே லோயர் கடிதம் அனுப்பினோமே?

பதில்: கடிதம் காலத்தை நிறுத்தாது, வழக்குத்தான் நிறுத்தும். அவர் உடனே பதில் போட்டாரா? நிலுவையை ஒப்புக்கொண்டு ஒரு வரி, கீழே கையெழுத்து இருந்தால் போதும். அந்தத் திகதியிலிருந்து எண்ணினால் இன்னும் சில மாதம் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே வாருங்கள்.