கார் நிறுத்த இடம் சரி, குடியிருக்க இடம்?

கேள்வி: எங்களுடையது சின்னக் கடலோர நகரம். எல்லாம் நடந்து போகிற தூரம்தான். பழைய கடைவீதியை இடித்துப் புதுப்பிக்கப்போகிறார்கள். கார்களை உள்ளே விடாமல், பக்கத்திலேயே பெரிய பார்க்கிங்கும் கடலைப் பார்த்தபடி ஹோட்டல்களும் கட்டினால் வியாபாரம் பெருகாதா? இதை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்தானே?

பதில்: பெருகும், சீசன் முடியும்வரை. அப்புறம் மிச்ச மாதங்களில் அந்தத் தெருவில் யார் நடப்பார்கள்? உங்கள் கேள்வியில் கார் வருகிறது, ஹோட்டல் வருகிறது; மருந்துக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற உள்ளூர்க்காரர் ஒருவர்கூட வரவில்லையே!

காரை உள்ளே விடாமல் தடுத்துவிட்டாலே கடைவீதி பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை அமெரிக்கர்கள் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம் 1959-லேயே கடைவீதியை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கியது, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 1964-ல் அதையே நீரூற்று, சிற்பம் என்று அலங்காரமாகச் செய்தது. கலமசூவில் 1998-லும் ஃப்ரெஸ்னோவில் 2017-லும் காருக்கு மறுபடி வழி விட்டார்கள். காரணம் நீரூற்று அல்ல. வீடுகளும் பெரிய கடைகளும் புறநகருக்குப் போய்விட்டன, அலங்காரத் தெருவில் நடக்கத்தான் ஆள் போதவில்லை. இரண்டும் கடலோர ஊர்கள் அல்ல என்பீர்கள். சரிதான், ஆனால் ஆள் இல்லாத தெருவுக்குக் கடல் பக்கத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இதே வேலையை ஸ்பெயினின் பொன்தெவேத்ரா 1999-ல் ஆரம்பித்தது. சுமார் 80,000 பேர் வாழும் ஊர். அவர்கள் முதலில் தடுத்தது, ஊருக்குள் நுழைந்து மறுபக்கம் போகிற வண்டிகளையும் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருகிற வண்டிகளையும். அங்கே குடியிருப்பவரும் கடைக்குச் சரக்கு இறக்குபவரும் வரலாம், இறக்கிவிட்டுப் போகலாம். இலவச பார்க்கிங்கை ஊரின் விளிம்பில் வைத்தார்கள், அங்கிருந்து எந்த இடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரியே ஒன்றை அச்சடித்தும் கொடுத்தார்கள். பெரிய ஷாப்பிங் மால்களுக்கு அனுமதி தர மறுத்தார்கள், அதனால் சின்னக் கடைகள் தாக்குப்பிடித்தன. மையப்பகுதியில் குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் ஊர்த் திட்டத்தில் இந்தக் கணக்கு இருக்கிறதா, அல்லது வரப்போகிற பயணிகளின் எண்ணிக்கை மட்டும்தானா?

பார்க்கிங்குக்கு வருகிறேன். ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பவும் சேர்த்துச் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். 200 கார் என்றால் 5,000 சதுர மீட்டர். ஐம்பது சதுர மீட்டர் கடைகளாகப் பார்த்தால் நூறு கடைகளின் இடம்! சின்ன ஊரின் கடைவீதியில் மொத்தமே அவ்வளவு கடைகள் இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். காருக்கு இடம் பிடிக்கிறேன் என்று, கார் எதைத் தேடி வருகிறதோ அதையே இடிப்பதா? விளிம்பில் நிறுத்தினால் 400 மீட்டர் நடக்க வேண்டும், சாதாரண நடையில் ஐந்து நிமிடம். முடியாதவர்களுக்கு உள்ளேயே சில இடங்களை ஒதுக்கலாம், அதற்கு மைதானம் தேவையில்லை.

ஹோட்டல்கள். கடலோரம் நெடுக ஒரே சுவராக எழுப்பினால் பின்னால் இருக்கிற தெருக்களுக்குக் கடலும் தெரியாது, காற்றும் ஒழுங்காக வராது. இடைவெளி விட்டு, உயரம் குறைத்துக் கட்டலாம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வீடு விஷயம்தான் சிக்கல். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்ற சின்னக் கடலோர ஊர், 2016-ல் வாக்கெடுப்பே நடத்தி, இனிக் கட்டும் வீடுகளில் வருடம் முழுக்கத் தங்குபவர்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுகளால் அவ்வளவு எரிச்சல். ஆனால் அந்த விதி பழைய வீடுகளுக்குப் பொருந்தாது, ஆகவே வெளியூர்ப் பணம் அந்தப் பக்கம் திரும்பியது, புதிதாகக் கட்டுபவர்களுக்கும் ஆர்வம் குறைந்தது. எனவே பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தடுத்தால் மட்டும் போதாது, கடைகளுக்கு மேலே ஒன்றிரண்டு மாடி ஏற்றி, உள்ளூர்ச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வாடகை வீடுகளையும் கூடவே கட்ட வேண்டும்.

எதிர்ப்பவர்கள் எதிரிகளா என்றீர்கள். அவர்களில் இப்போது அங்கே கடை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று விசாரித்தீர்களா? வேலை முடிகிறவரை அவர் எங்கே வியாபாரம் செய்வார், திரும்பி வந்தால் வாடகை எவ்வளவு, எழுதிக் கொடுப்பார்களா? முழுத் தெருவையும் ஒரே நேரத்தில் தோண்டாமல் துண்டு துண்டாகச் செய்வார்களா? அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் நீங்களே எழுந்து கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.