மியூவனை எண்ண இரண்டு தகடு போதாதா? எதற்கு மலைக்கு அடியில் போகிறார்கள்?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கும் தம்பி உயர்தரம் படிப்பவர் என்று நினைக்கிறேன். மியூவன் என்பது விண்வெளிக் கதிர்கள் மேல்வளியில் மோதும்போது உண்டாகி நம் மேல் பொழியும் துகள். இரண்டாம் கேள்விக்கு ஒரே வரி: ஆழத்துக்குப் போவது மியூவனைத் தேடி அல்ல, அதற்குத் தப்பி. நியூட்ரினோவையும் (எதோடும் அரிதாகவே மோதும் துகள்) இருண்ட பொருளையும் தேடுபவர்களுக்கு அது தொல்லை. பாறையைத் துளைத்து எத்தனை வந்து சேர்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கில் கழிக்கலாம். மியூவனைத் தடுக்க மட்டக்களப்பு வாவித் தண்ணீர் உதவாது. மூன்று மீற்றர் தண்ணீர் 0.6 கிகா இலத்திரன் வோல்ற்றைத்தான் (துகளின் சக்தியை அளக்கும் அலகு) தின்னும். தரையில் வந்து விழும் மியூவனின் சராசரிச் சக்தியோ 4.

முதல் கேள்விதான் விஷயம். கல்லடிக் கரையில் ஒரு சதுர மீற்றர் சிண்டிலேற்றர் தகட்டை (துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்ரிக்) கிடையாக வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10,000 மியூவன். இத்தாலியின் கிரான் சாசோ மலை ஆய்வுகூடத்தில், 1,400 மீற்றர் பாறைக்கு அடியில், அதே தகட்டில் நாளைக்கு 30 அளவில். ஆனால் பாறையின் யுரேனியமும் தோரியமும் விடும் காமாக் கதிர் ஆழம் போனாலும் குறையாது. ஒவ்வொரு தகடும் செக்கனுக்கு 100 தடவை பொய்யாக அடிக்கிறது என்று வைப்போம். 100 நானோசெக்கனுக்குள் இரண்டும் சேர்ந்து அடித்தால் மியூவன் என்று எண்ணினால், தற்செயலான சேர்க்கை 2 × 100 × 100 × 0.0000001, அதாவது செக்கனுக்கு 0.002. நாளைக்கு 173! உண்மை 30, பொய் 173. மூன்றாவது தகட்டைச் சேருங்கள்: பொய் வருடத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும்.

"100 எங்கிருந்து வந்தது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: கணக்குக்காக எடுத்த எண். அது 300 ஆனால் இரண்டு தகட்டின் பொய் ஒன்பது மடங்காகும், என் பக்கம்தான் வலுக்கும்.

தகடு தடிப்பாக இருப்பதும் முக்கியம். 5 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக்கில் மியூவன் 10 மெகா இலத்திரன் வோல்ற்று விட்டுச் செல்லும். பாறைக் காமாவில் பலமானதே 2.6 தான். வாசலை (எண்ணுவதற்குத் தேவையான ஆகக் குறைந்த சக்தி) 5இல் வைத்தால் பெரும்பாலானவை வெளியே நிற்கும். 1 சென்ரிமீற்றர் தகட்டில் மியூவன் விடுவதும் 2 தான், பிரிக்கவே முடியாது. தகட்டின் ஒளியை மின் துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம் வெப்பநிலையோடு நகரும் என்பதால் வாசலை மட்டும் நம்பவும் கூடாது.

மூன்று தகட்டாலும் தீராதது ஒன்று உண்டு: சுரங்க நீர்ப்பம்பு ஓடத் தொடங்கும்போது வரும் மின் இரைச்சல் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஏறும். சிண்டிலேற்றர் இல்லாத ஒரு குழாயைக் கறுப்பு ரேப் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் அடித்தால் அந்த எண்ணிக்கையைத் தூக்கி எறியுங்கள்.

நடுத் தகட்டின் திறனை (மூன்றும் அடித்தது ÷ மேலும் கீழும் அடித்தது) மேலே இருக்கும்போதே அளந்துவிட வேண்டும். மேலே சில நிமிடத்தில் முடியும் வேலைக்குக் கீழே மாதங்கள் போகும். இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கத்தின் மிக ஆழமான மட்டத்தில் இரண்டு மாதம் வைத்தும் ஒரு மியூவன்கூட விழவில்லை. அதைக் கண்டுதான் அங்கே நியூட்ரினோவைத் தேடத் துணிந்தார்கள், 1965இல் அகப்பட்டது.

கிரான் சாசோவில் ஒரு மாதத்தில் 900 எண்ணினால் வழு அதன் வர்க்கமூலம், 30, அதாவது 3.3 வீதம். இதை எழுதும்போது எரிச்சல் வருகிறது. கடந்தகால வினாத்தாள்களை இருபது வருடத்துக்குக் கரைத்துக் குடிக்க வைக்கும் ரியூசன்களில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் ± போட ஏன் என்று சொல்லித் தருபவர் அரிது. சரி, விடுவோம்.

1 வீத வழுவுக்கு 10,000 மியூவன், அதாவது பதினொரு மாதம் வேண்டும். கிரான் சாசோவில் கோடையில் மேல்வளி சூடாகி ஐதாவதால் பையன்கள் (pion, சிதைந்து மியூவனாகும் துகள்கள்) மோதாமல் சிதைந்து மியூவனைக் கூட்டும். அந்த ஏற்ற இறக்கம் 1.5 வீதம் அளவில்தான். ஒரு சதுர மீற்றரை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க நினைக்க வேண்டாம், தம்பி.