ஃப்ளாரன்ஸில் ஒன்றரை நாள்: தனி வழிகாட்டி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி: அக்டோபர் நடுவில் ரோமிலிருந்து ரயிலில் ஃப்ளாரன்ஸ் போகிறோம். திங்கள் காலை 11 மணிக்கு இறங்கி, மறுநாள் மாலை வெனிஸுக்குக் கிளம்ப வேண்டும். நான், கணவர், 14 வயது மகன், 11 வயது மகள், முழங்கால் வலியுள்ள 67 வயது மாமியார் என ஐந்து பேர். எங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டி வைத்து நடந்து பார்க்க ஆசை. “மூன்று மணி நேரத்தில் டேவிட் சிலை, உஃபீஸி, பேராலயம், பழைய பாலம் எல்லாம்” என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். எடுக்கலாமா? முன்பதிவுக்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா, ஓவியங்களுக்குப் பேர்போன உஃபீஸி ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களுக்குமே திங்கள்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கு மாற்றினாலும் கணக்கு உதைக்கும். அக்காதேமியா பேராலயத்துக்கு வடக்கே இருக்கிறது. உஃபீஸி தெற்கே ஆற்றங்கரையில். இரண்டு வாசலிலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. “வரிசையில் நிற்க வேண்டாம்” என்று விற்கப்படும் டிக்கெட், டிக்கெட் வாங்கும் வரிசையைத்தான் தவிர்க்கும். பையைச் சோதிக்கும் வரிசையில் எல்லோரும் நின்றாக வேண்டும். இதெல்லாம் போக, உஃபீஸிக்கு நாற்பது நிமிடம் மிஞ்சும். இரண்டரை மணி நேரமாவது கேட்கும் இடம் அது. மாமியாரின் முழங்காலோ முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடும்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைத் தெருவில் செலவழியுங்கள். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் குறிப்பு இருக்கும். ஃப்ளாரன்ஸ் தெருக்களில் பெரும்பாலும் அது கிடையாது. தெரிந்தவர் விரலை நீட்டிக் காட்டினால்தான் கண்ணுக்குப் படும். திங்கள் மதியம் அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது உங்களுக்கு நல்லதாகவே போயிற்று. அன்று மூன்று மணி நேர நடை. செவ்வாய் காலை நீங்களே போய் டேவிட்டைப் பாருங்கள்.

சான்றுக்கு இரண்டு இடம். சாந்தா குரோச்சே தேவாலயத்தின் பக்கம் வியா தே நேரி என்ற தெருவும் சான் ரெமீஜியோ தெருவும் சேரும் முனையில், சுவரில் ஒரு பழைய கல் பதித்திருக்கும். அலை கோட்டிலிருந்து ஒரு கை எழுந்து, விரலால் நீர்மட்டத்தைக் காட்டும். 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு அந்த உயரத்துக்கு ஏறியது. அதற்கும் மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இன்னொரு கல்: 1966ஆம் ஆண்டு வெள்ளம். தேதி அதே நவம்பர் 4. அந்த இரண்டாவது வெள்ளத்தில்தான் சாந்தா குரோச்சேயில் இருந்த சிமாபுவேயின் சிலுவை ஓவியம் பெருமளவு வண்ணம் உதிர்ந்து போனது. உங்கள் மகனை அந்தக் கல்லுக்குக் கீழே நிற்க வைத்துப் பாருங்கள். வெள்ளம் எவ்வளவு என்று வேறு விளக்கமே வேண்டாம்.

மற்றொன்று ஒயின் சாளரங்கள். பெரிய மாளிகைகளின் வாசலை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே, வளைவு வைத்த சின்னத் துளை ஒன்று இருக்கும். ஒரு குடுவை நுழைகிற அளவுதான். பார்த்தால் நம்மூர் மாடப்பிறை நினைவுக்கு வரும். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து, தங்கள் பண்ணையில் விளைந்த ஒயினை இடைத்தரகர் இல்லாமல் வீட்டிலேயே சில்லறையாக விற்றுக்கொள்ள நிலக்கிழார் குடும்பங்களுக்கு அனுமதி இருந்தது. வேலையாள் உள்ளேயிருந்து கை நீட்டுவார். வாங்குபவர் மாளிகைக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. 1630களின் கொள்ளைநோய்க் காலத்தில் தொடாமல் விற்க இதே துளைதான் உதவியது. நகரின் பழைய பகுதியில் இவை நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. எத்தனை கண்ணில் படுகிறது என்று எண்ணும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள், நடக்கிற சலிப்பே தெரியாது.

உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் பாதை இது. மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்கு மிகாது, ஏற்ற இறக்கமும் இல்லை. மதியம் 3 மணிக்கு மெதிச்சி ரிக்கார்தி மாளிகை வாசலில் தொடங்குங்கள். 1444இல் மிக்கெலோட்சோ கட்டத் தொடங்கியது. தரைத்தளக் கல் கரடுமுரடாக, அடுத்த மாடி வழுவழுப்பாக, மேல்மாடி இன்னும் நுண்மையாக இருக்கும். மாமியாருக்கு முக்கியமானது அதன் அடிச்சுவரோடு ஓடும் கல் திண்ணை. காத்திருப்பவர்களுக்கென்றே கட்டியது. ஸ்த்ரோட்சி மாளிகையிலும் ருச்செல்லாய் மாளிகையிலும் இப்படித் திண்ணை உண்டு. எங்கெங்கே உட்காரலாம் என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு, பாதையையே திண்ணைக்குத் திண்ணை போட்டுக்கொள்ளலாம்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பேராலயம். உள்ளே போக இலவசம்தான். ஆனால் வார நாட்களில் 3:45க்கே பார்வையாளர் நுழைவு முடிந்துவிடும், வரிசையும் நீளம். கவலைப்பட வேண்டாம், அந்தக் கட்டடத்தின் அருமை வெளியேதான் கூடுதல். 1296இல் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய 45 மீட்டர் அகலத் திறப்போடு பல்லாண்டு நின்ற ஆலயம் அது. அத்தனை அகலத்துக்குத் தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்க வழியில்லை. புரூனெல்லெஸ்கி 1420இலிருந்து 1436க்குள், ஒன்றினுள் ஒன்றாக இரண்டு குவிமாட ஓடுகள் வைத்து, செங்கல்லை மீன்முள் வரிசையில் அடுக்கி, கட்டும்போதே தன்னைத் தாங்கிக்கொள்ளும் கூரையாக அதை மூடினார். குவிமாடத்தின் பின்பக்கம் போனால் தரையில் ஒரு வட்ட வெள்ளைப் பளிங்கு பதித்திருக்கும். மின்னல் தாக்கி, உச்சியிலிருந்த பொன்முலாம் பூசிய உருண்டை வந்து விழுந்த இடத்தின் அடையாளம் அது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

எதிரே ஞானஸ்நான ஆலயத்தின் கிழக்குக் கதவில் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். சிற்பி கிபெர்த்தியின் பத்துச் சதுரங்கள் கொண்ட ‘சொர்க்க வாசல்’. அங்கே இருப்பது நகல். அசல் பின்னால் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லாத வழிகாட்டி உங்களுக்குச் சரிப்பட மாட்டார்.

பிறகு கால்ட்சையுவோலி தெரு வழியாக ஓர்சான்மிக்கேலே. தானியச் சந்தையாக எழுந்து கோயிலான கட்டடம். மேல்மாடியில் சேமித்த தானியத்தைக் கீழே இறக்கிய துவாரத்தை உள்ளே தூணில் இன்றும் காணலாம். வெளிச்சுவரில் 14 மாடங்கள், ஆயுதக் கொல்லர், துணி வணிகர் என்று ஒவ்வொரு தொழில் குழுவும் தன் காவல் புனிதருக்கு வைத்த சிலைகளின் நகல்கள். அடுத்து சிஞ்ஞோரியா சதுக்கம். நெப்டியூன் நீரூற்றுக்கு முன்னால் தரையில் இருக்கும் வட்டக் கல், 1498 மே 23 அன்று சவொனரோலா என்ற துறவியைத் தூக்கிலிட்டு எரித்த இடம். டேவிட் 1504 முதல் 1873 வரை இந்தச் சதுக்கத்தில் வெயிலிலும் மழையிலும்தான் நின்றது. இப்போது அங்கே நிற்பது 1910இல் வைத்த நகல். எதிரேயுள்ள லோஜ்ஜா மண்டபம் மழைக்கு ஒதுங்க வாகானது.

வெள்ளக் கல்லைப் பார்த்துவிட்டு ஆற்றோரமாகப் பழைய பாலத்துக்கு வாருங்கள். 1345இல் கட்டியது. இறைச்சிக்கடைகள் இருந்த பாலத்தில் 1593இல் நகரை ஆண்ட பெர்தினாந்தோ கோமகன் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களை அமர்த்தினார். கடைகளுக்கு மேலே ஓடும் மூடிய நடைவழி வசாரி 1565இல் கட்டியது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்ற பாலங்களை எல்லாம் தகர்த்து இதை மட்டும் விட்டது. நடையை இங்கே முடிக்காதீர்கள், நெரிசலில் எதுவும் காதில் விழாது. அடுத்த பாலமான சாந்தா திரினிதாவில் முடியுங்கள். தகர்க்கப்பட்ட அதன் கற்களை ஆற்றிலிருந்து எடுத்தே மீண்டும் கட்டினார்கள். அதன் முனையில் நிற்கும் வசந்தச் சிலையின் தலை மட்டும் 1961இல்தான் ஆற்றுக்குள் கிடைத்தது. கழுத்தில் ஒட்டு தெரியும். அக்டோபர் நடுவில் சூரியன் ஆறரை மணியளவில் மறையும். ஆறு மணிக்கு அங்கே நின்றால் பழைய பாலத்தின் மேல் மஞ்சள் வெயில் விழுவதைப் பார்க்கலாம்.

இனி முன்பதிவு. இத்தாலியில் வழிகாட்டியாகப் பேச உரிமம் வேண்டும். அதை ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. ‘குயீதா துரீஸ்திகா’ என்பவர்தான் வழிகாட்டி. உரிம அட்டையின் படத்தை அனுப்பச் சொல்வது அநாகரிகம் இல்லை. குழுவைக் கூட்டிப் போகும் ‘அக்கொம்பான்யதோரே’ வேறு தொழில், அவர் அழைத்துச் செல்லலாமே தவிர வரலாறு விளக்கும் உரிமம் அதில் இல்லை. கட்டணம் தலைக்கு அல்ல, குழுவுக்கு. மூன்று மணி நேரத்துக்குப் பொதுவாக 180 யூரோவிலிருந்து 300 வரை கேட்பார்கள். யாராவது தலைக்கு இவ்வளவு என்றால் அது தனி வழிகாட்டல்தானா, வேறு குடும்பத்தோடு சேர்த்துவிடுவார்களா என்று நேராகக் கேளுங்கள்.

முதல் மின்னஞ்சலிலேயே ஐந்து பேரின் வயது, முழங்கால் வலி, 40 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்பது, நடுவில் கழிப்பறைக்கு ஓர் இடைவேளை, கடைகள் வேண்டாம் என்பது, இவை அனைத்தையும் எழுதிவிடுங்கள். கடை விஷயம் முக்கியம்: தோல் பொருள் கடைக்குள் ‘சும்மா பார்க்க’ அழைத்துப் போனால் அரை மணி நேரம் கரைந்துவிடும். பதிலில் அவர் உங்கள் வயது விவரத்துக்கு ஏற்பப் பாதையை மாற்றி எழுதியிருந்தால் நல்ல ஆள். எல்லோருக்கும் அனுப்பும் அதே பட்டியல் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். ரத்து செய்தால் பணம் எப்போது திரும்பும், மழையில் என்ன செய்வார், ரயில் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரயில் பலகையில் ஊர்ப் பெயர் ‘ஃபிரென்ஸே’ என்றுதான் இருக்கும். நீங்கள் இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். கம்போ தி மார்த்தே, ரிஃப்ரேதி என்ற பெயர்களைப் பார்த்து அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

சந்திக்கும் இடத்துக்குக் கதவு எண் வாங்காதீர்கள். ஃப்ளாரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசை ஓடும். வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. முகவரியில் எண்ணுக்குப் பின் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் சிவப்பு வரிசை. 12ஆம் எண் வீடும் 12ஆம் எண் கடையும் வெகுதூரம் தள்ளி இருக்கலாம். மாளிகையின் வாசல், சிலையின் வலப்பக்கம் என்று குறித்துக்கொள்வதே பத்திரம்.

செவ்வாய் காலை 8:15க்கு அக்காதேமியா, திறக்கும் நேரத்துக்கே. டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனாலும் முன்பதிவுக் கட்டணம் கட்டி அவர்களுக்கும் நேரம் குறிக்க வேண்டும், வயதுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். இங்கே வழிகாட்டி தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். 5.17 மீட்டர் உயர டேவிட்டை நோக்கி ஓடாமல், வழியில் இருக்கும் முடிவுறாத ‘கைதிகள்’ சிலைகளின் பக்கவாட்டில் நின்று உளித்தடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கல்லுக்குள்ளிருந்து உடல் எப்படி வெளிவருகிறது என்பது அதில்தான் தெரியும்.

பத்தரைக்குக் குவிமாடம். 463 படிகள், லிஃப்ட் கிடையாது, மேலே போகப் போக ஒடுங்கும். ஏறத் தொடங்கினால் நடுவில் திரும்புவது கஷ்டம். கணவரும் பிள்ளைகளும் போகட்டும். நேரம் குறித்த டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், ஆகவே ரயில் டிக்கெட்டோடு சேர்த்து இதையும் வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் மாமியாரும் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கலாம். அங்கே லிஃப்ட் உண்டு, உட்காரவும் இடம் உண்டு, கிபெர்த்தியின் அசல் கதவும் அங்கேதான். மாதத்தின் முதல் செவ்வாய் அது மூடியிருக்கும். உங்களுடையது நடு மாதம் என்பதால் தடையில்லை. ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பெரிய பையைக் குவிமாடத்துக்குள் விடமாட்டார்கள், விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தெருவெல்லாம் பாவுகல், தேய்ந்து வழுக்கும், இணைப்புகளில் பள்ளம். நடைபாதை சில இடங்களில் ஒருவர் நடக்கும் அகலம்தான். மாமியாருக்குப் பின்கட்டு உள்ள, ரப்பர் அடியுள்ள காலணியும் மடக்கும் ஊன்றுகோலும் எடுத்து வையுங்கள். புதுக் காலணியை அங்கே போய் முதல்முறை போடாமல், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே போட்டு நடக்கப் பழக்கிவிடுங்கள்.