கோலாலம்பூரிலிருந்து லடாக் போகும் கேமராவுக்குக் குளிர் ஆகுமா?

கேள்வி: ஜனவரியில் லடாக்கில் ஓர் ஆவணப்படம் எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து சிறு குழுவாகப் போகிறோம். மைனஸ் 20 டிகிரியில் டிஜிட்டல் சினிமா கேமரா தாங்குமா? என்ன முன்னேற்பாடு செய்வது?

பதில்: தாங்கும். திரையரங்கின் ஏசிக்கே ஜாக்கெட் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நாம். கெந்திங் மலையே நமக்குக் குளிர். அதனால் கேமராவும் நம்மைப் போல நடுங்கும் என்று நினைத்துவிடுகிறோம். வெளியே குளிரில் இருக்கும்வரை அது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். சூடான அறைக்குள் கொண்டுவரும்போதுதான் வில்லங்கம்.

முதலில் எந்தக் கேமரா என்று பாருங்கள். ஆரி அலெக்சா மினி மைனஸ் 20 முதல் 45 டிகிரி வரை இயங்கும் என்று தயாரிப்பாளர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். ரெட் டிஎஸ்எம்சி2, சோனி வெனிஸ் ஆகியவற்றுக்கு 0 முதல் 40 வரைதான். அதற்குக் கீழே போனால் உடனே படுத்துவிடும் என்று பொருளில்லை, உத்தரவாதம் கிடையாது, அவ்வளவே. ஓடிக்கொண்டிருக்கும் கேமரா தன் சூட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஷாட்டுக்கு ஷாட் அணைக்காதீர்கள். குளிரில் சென்சாரின் இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள், குறைவது உபரி லாபம். ரெட் வைத்திருந்தால், கேமரா அந்தக் குளிருக்குப் பழகியதும் லென்ஸ் மூடியைப் போட்டு பிளாக் ஷேடிங்கை (இருட்டில் சென்சார் தரும் இரைச்சலைக் கேமரா அளந்து கழித்துக்கொள்வது) மறுபடி எடுங்கள். கோலாலம்பூர் அறையில் எடுத்தது அங்கே செல்லாது.

பேட்டரிதான் முதலில் காலை வாரும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகிறது, உள்மின்தடை ஏறுகிறது. திரையில் பாதி மின்சாரம் மீதி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைந்துவிடும். இங்கே கணக்கிட்டு வைத்திருப்பதைப் போல இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். கேமராவில் ஒன்று, மற்றவை ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். அணைந்துபோன பேட்டரியை எறிந்துவிடாதீர்கள், சூடேறினால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். ஆனால் சில்லிட்டு வந்ததை நேரே சார்ஜரில் மாட்டக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். இரும்புத்தூள் நிரப்பிய சூட்டுப் பொட்டலங்களை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை ஆக்சிஜனால் சூடாகின்றன. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. பையை இறுக மூடினால் பொட்டலம் இன்னும் மந்தமாகும்.

இனி அந்த வில்லங்கம். மாமாக் கடையில் ஐஸ் மைலோ குவளை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில்லென்ற கேமரா சூடான அறைக்குள் வந்தால் அதே கதைதான். லென்ஸின் வெளியே மட்டும் என்றால் துடைத்துவிடலாம், சென்சார் மேலும் மின்சுற்றுப் பலகை மேலும் படியும் நீரை யார் துடைப்பது? வாசலுக்கு வெளியே, குளிரிலேயே, கேமராவைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கிவிட்டு, வாயை முறுக்கி டேப் ஒட்டுங்கள். பிறகு உள்ளே கொண்டு போங்கள். பனித்துளி பையின் வெளிப்பக்கம் உட்காரும். கேமரா அறைச் சூட்டுக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும், அதுவரை பிரிக்கவே கூடாது. அங்குள்ள காற்று வறண்டதுதானே என்று சிலர் அலட்சியம் காட்டுவார்கள். வெளிக்காற்று வறண்டதுதான்; ஆட்கள் நிறைந்து, அடுப்பில் தேநீர் கொதிக்கும் அறை அப்படி இருக்காது.

என்னைக் கேட்டால் இரவில் கேமராவை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். பூட்டிய வண்டியில், பெட்டிக்குள் விட்டுவிட்டு, பேட்டரிகளையும் மெமரி கார்டுகளையும் மட்டும் எடுத்து வாருங்கள். காலையில் சூடான பேட்டரியை மாட்டி, முதல் ஷாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள்.

ஒத்திகை பார்க்க லடாக் வரை போக வேண்டியதில்லை. கிள்ளானில் மீன் மொத்த வியாபாரி யாராவது தெரிந்தவர் இருந்தால் அவருடைய உறைகிடங்கைக் கேட்டுப் பாருங்கள். உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியில் வைப்பதுதான் வழக்கம். நான் அப்படித்தான் செய்தேன். உள்ளே எல்.சி.டி. திரை இழுத்து இழுத்துக் காட்டியது, சாதாரண பிவிசி கேபிள் கம்பியாக விறைத்தது, லென்ஸின் ஃபோகஸ் வளையம் கனத்தது. சிலிகான் உறை போட்ட கேபிள் மட்டும் வளைந்து கொடுத்தது. லென்ஸில் பொறித்த தூர அளவையும் நம்ப முடியவில்லை. முடிவிலி என்று எழுதிய இடத்தில் வளையத்தை வைத்தால் வெகுதூரக் காட்சி தெளிவாக விழவில்லை. கிடங்கின் கதவைத் திறந்ததும் கிள்ளான் காற்று பைமேல் தண்ணீராகக் கொட்டியது. நம் ஊரின் ஈரம் லடாக்கில் எங்கும் கிடைக்காது. இங்கே தேறிய பை அங்கேயும் தேறும்.

விமானத்தில் உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணிக்கு (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 98 வாட்-மணி பேட்டரிகளாகப் பார்த்து வாங்குங்கள். கேமரா வாடகைக்கு என்றால், எங்கே கொண்டு போகிறீர்கள் என்பதைக் கடையில் சொல்லி, காப்புறுதி அந்தக் குளிரையும் அந்த நாட்டையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.