படக்கதைப் பக்கத்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: ஓவியம் ஓரளவு கைவந்துவிட்டது; ஆனால் படக்கதைப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், விருதுநகர்

பதில்: அமெரிக்கப் படக்கதை ஓவியர் வில் ஐஸ்னர் 1985இல் வெளியிட்ட ‘காமிக்ஸ் அண்ட் சீக்வென்ஷியல் ஆர்ட்’ நூலை வாசிப்பது நல்லதே என்றாலும், அதற்கு முன், உங்களுக்குப் பிடித்த கதையின் ஒரு பக்கத்தை எடுத்து, உருவங்களை விட்டுவிட்டு, கட்டங்களையும் வசனக் குமிழ்களையும் மட்டும் சிறிய தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள், வாசகரின் கண் எந்த வழியே நகர்கிறது என்பது அப்போது புலப்படும். தமிழை இடமிருந்து வலமாக வாசிப்பதால், முதலில் பேசுபவரை இடப்புறம் நிறுத்துவது வசதி. திடுக்கிட வைக்கும் காட்சியை, தாளைப் புரட்டியதும் தென்படும் இடப்பக்கத்திலேயே வையுங்கள். வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்தை வாசிக்கும்போதே அது கண்ணில் பட்டுவிடும். சாய்ந்த கட்டங்களின் மீது புதியவர்களுக்குள்ள மோகம் எனக்கு உடன்பாடில்லை. வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் என்ற எளிய அமைப்பிலேயே, இரண்டை இணைத்து ஒரு கணத்தை நீட்டிக் காட்டலாம்.