பழைய ஒலியை உடைத்துப் புதிதாகச் செய்த இன்டி ராக் ஆல்பம் எது? என் பதில்: லோ குழுவின் ‘டபுள் நெகடிவ்’

புது ஒலிகளைத் தேடிப் போய், அதில் உண்மையாகவே ஜெயித்த இன்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் வகை) குழு எது என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் ரேடியோஹெட்டைச் சொல்வார்கள், வில்கோவைச் சொல்வார்கள். இரண்டும் நல்ல பதில்கள்தான். ஆனால் என் ஓட்டு லோ குழுவின் ‘டபுள் நெகடிவ்’ ஆல்பத்துக்கு. 2018 செப்டம்பரில் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது.

அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது புரியும். லோ, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரத்துக் குழு. ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார், அவர் மனைவி மிமி பார்க்கர் டிரம்ஸ். பாடுவது இரண்டு பேரும். 1993இல் ஆரம்பித்தார்கள். கிரஞ்ச் என்ற இரைச்சலான ராக் வகை உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆளாளுக்குக் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் மிக மெதுவாக, மிகக் குறைந்த சத்தத்தில் வாசித்தார்கள். மிமியிடம் முழு டிரம்ஸ் செட்கூடக் கிடையாது. ஒன்றிரண்டு டிரம், ஒரு சிம்பல், அவ்வளவுதான். நின்றுகொண்டே பிரஷ்ஷால் வாசிப்பார். கிளப்பில் கூட்டம் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தால், சத்தத்தைக் கூட்ட மாட்டார்கள், இன்னும் குறைப்பார்கள்.

நடுவிலும் மாற்றங்கள் இருந்தன. 2007இல் வந்த ‘டிரம்ஸ் அண்ட் கன்ஸ்’ ஆல்பத்தில் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துணுக்கு), டிரம் மெஷின் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அங்கே பாட்டு பாட்டாகத்தான் இருந்தது, ஒலி அதற்கு உடுத்திய சட்டை. ‘டபுள் நெகடிவ்’ செய்த விதமே வேறு. பாட்டை முழுசாக எழுதி, ஒத்திகை பார்த்து, அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. அரைகுறையான துணுக்குகளோடு விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகருக்குப் பக்கத்தில் போவார்கள். பான் இவேர் குழுவின் ஜஸ்டின் வெர்னனுடைய ஏப்ரல் பேஸ் ஸ்டுடியோ அங்கேதான் இருக்கிறது. தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு உட்கார்ந்து கட்டுவது, உடைப்பது, திரும்பக் கட்டுவது என்று ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படியே போய்வந்தார்கள். பர்ட்டனை அந்த ஆல்பத்தின் இன்னொரு பாடலாசிரியர் என்றே சொல்லலாம்.

முதல் பாட்டு ‘கோரம்’. போட்டவுடன் காதில் விழுவது கொரகொரவென்று வெட்டிவெட்டி வரும் இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ ஆலன் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த இரைச்சல் சும்மா பின்னணியில் ஓடவில்லை, மூச்சு விடுவதுபோல அமுங்கி அமுங்கி எழும்புகிறது. இதற்குச் சைட்செயின் கம்ப்ரஷன் என்று பெயர். எஃப்எம்மில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பாட்டு தானாகத் தணிந்து, பேசி முடித்ததும் மேலே வருகிறதல்லவா, அதே நுட்பம்தான். டான்ஸ் இசையில் ஒவ்வொரு கிக் டிரம் அடிக்கும் மற்ற ஒலிகளை ஒதுங்க வைத்து, அதில் ஒரு ஆட்டத்தை உண்டாக்க இதைப் பயன்படுத்துவார்கள். லோ அதையே எடுத்து, ஆட்டத்தைக் கழித்துவிட்டு, அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு பெரிய பாரம் மொத்தப் பாட்டையும் மிதித்துவிட்டு விடுவது போல இருக்கும்.

இடைவெளியே இல்லாமல் இரண்டாவது பாட்டுக்குள் நுழைகிறோம். அப்புறம் மூன்றாவதாக ‘ஃப்ளை’. இங்கேதான் எனக்கு ஆல்பம் திறந்தது. அடியில் கனமான பேஸ், அதற்கு மேலே மிமியின் குரல் ஏறக்குறைய சுத்தமாக, உச்சஸ்தாயியில். அதுவரை இரைச்சலுக்குள் குரலைத் தேடித் தேடிப் பழகிய காது, அது கிடைத்ததும் அப்படியே பிடித்துக்கொள்கிறது. இரைச்சல் இல்லாமல் முதல் பாட்டாகவே ‘ஃப்ளை’ வந்திருந்தால் அழகான பாட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

அதனால்தான் இந்தச் சோதனை வெறும் வித்தை ஆகவில்லை என்று நினைக்கிறேன். டிரம்ஸ், கிட்டார், பாட்டின் அமைப்பு எல்லாவற்றையும் உடைத்தார்கள். இரண்டு குரல்கள் சேர்ந்து பாடும் அந்த ஹார்மனியை மட்டும் உடைக்கவில்லை. ‘டெம்பஸ்ட்’ பாட்டில் குரல்களையே அடையாளம் தெரியாத அளவுக்கு டிஸ்டார்ஷனில் (ஒலியைச் சிதைக்கும் உத்தி) போட்டு அரைத்திருப்பார்கள். அதிலும் இரண்டு ஸ்வரங்களும் ஒன்றையொன்று விடாமல் நகர்வது கேட்கும். சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள், இருபத்தைந்து வருஷம் சேர்ந்து பாடியவர்கள் என்பதெல்லாம் அந்த இடத்தில் தெரியும். புதுக் குழு ஒன்று இதே கருவிகளை வைத்துக்கொண்டு இதே இரைச்சலை உண்டாக்கலாம், ஆனால் உள்ளே தாங்கிப் பிடிக்க இப்படி ஒன்று இருக்க வேண்டுமே.

அடுத்த ஆல்பம் ‘ஹே வாட்’, 2021இல் வந்தது. அதுவும் பர்ட்டனோடுதான். அதில் குரல்களை முன்னால் கொண்டுவந்து, இரைச்சலை இன்னும் கூர்மையாக்கினார்கள். வேண்டுமென்றே கிழித்த ஒலிகள் நிறைந்த அந்த ஆல்பம், சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது எனக்குப் பெரிய சந்தோஷம். 2022 நவம்பரில் மிமி சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். லோ அத்தோடு நின்றது. 2024இல் ஆலன் தனியாக ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதில் தன் குரலையே மின்னணுக் கருவியில் போட்டு, வேறு யாரோ பாடுவது போல மாற்றியிருக்கிறார்.

கேட்பதாக இருந்தால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் முழுக்கக் காணாமல் போய் வெறும் கொரகொரப்புதான் மிஞ்சும். நல்ல ஹெட்போன் போதும். முதல் மூன்று பாட்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். முடிந்தால் அதற்கு முன்னால் 1994இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘ஐ குட் லிவ் இன் ஹோப்’பிலிருந்து ஏதாவது ஒரு பாட்டு கேட்டுவிட்டு வாருங்கள்.