பிரபுவின் மகளும் பெட்டியின் விலையும்

அன்புள்ள ஐயா,

ஜெசிகா மிட்ஃபோர்டைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். இங்கிலாந்தில் பிரபு வீட்டில் பிறந்து, கம்யூனிஸ்ட் ஆகி, அமெரிக்காவின் சவ அடக்கத் தொழிலை அம்பலப்படுத்தியவராம். வசதியான வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்காகவே எனக்குப் படுகிறது. இவரை ஏன் கொண்டாட வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற வாரம்தான் பழைய டிரங்குப் பெட்டியில் அப்பாவின் ஈமச்சடங்குச் செலவுச் சீட்டு அகப்பட்டது. இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எழுதியதைப் படிக்குமுன் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும் புத்தி நம்மை எப்போதுதான் விடுமோ! பிரபுவின் மகள்தான். ஒரு அக்கா ஹிட்லரைத் தேடிப்போய்ப் பழகினார்; இன்னொருவர் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் மோஸ்லியை மணந்தார். ஜெசிகாவோ 19 வயதில் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்கு ஓடிப்போனார். கட்சியில் சேர்ந்தது, 1958இல் விட்டது எல்லாம் இன்னொரு நாள்.

பொழுதுபோக்கு என்கிறீர்கள். கணவர் ராபர்ட் ட்ரூஹாஃப்ட் அமெரிக்காவின் ஓக்லண்டில் தொழிற்சங்க வழக்கறிஞர். தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கென்று சங்கம் போராடி வாங்கிய பணம், அப்படியே சவ அடக்கக்காரரின் கல்லாவில் விழுந்தது. ராபர்ட் கொதித்தார். ஜெசிகா அந்தத் தொழிலுக்கென்றே வரும் பத்திரிகைகளையும் கையேடுகளையும் வரவழைத்து உட்கார்ந்து படித்தார். வியாபாரி வியாபாரியிடம் பேசுவது அங்கேதானே கிடைக்கும்? சவப்பெட்டிகளை எப்படி அடுக்கினால் துக்கத்தில் இருப்பவர் கூடுதல் விலையுள்ளதை எடுப்பார் என்பதைக்கூட அவர்களே அச்சிட்டு வைத்திருந்தார்கள். உடலைப் பதப்படுத்துவதை அவர் படிப்படியாக எழுதியதும் பதிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அந்தப் பகுதியை நீக்கவில்லை. 1963இல் 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்' என்ற புத்தகமாக வந்தது. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியே விலை சொல்லியாக வேண்டும் என்று சவ அடக்கக்காரர்களுக்கு அமெரிக்க அரசு போட்ட விதி 1984இல்தான் நடைமுறைக்கு வந்தது.

சாவைப் பற்றி உருகி எழுத ஆயிரம் பேர் உண்டு. நீங்கள் விலைப்பட்டியலைப் படியுங்கள், ஐயா! வரிவரியாகப் படியுங்கள், கூட்டிப் பாருங்கள்.

அப்பாவின் சீட்டில் ஐஸ் பெட்டிக்கு இரண்டு நாள் வாடகை எழுதியிருக்கிறது. அவர் போனது விடியற்காலை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். வாயைத் திறக்கப் போனேன். சித்தப்பா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார்.